மீன் படங்களுக்கு நடுவே என் தம்பி

அந்தக் காலையில் என் போனில் அடுத்தடுத்து இரண்டு செய்திகள் வந்து நின்றன. முதலாவது, “ஆழ்ந்த இரங்கல் கலா. மனசைத் திடப்படுத்திக்குங்க.” இரண்டாவது, “அக்கா, சங்கரா வந்திருக்கா? ஒரு கிலோ எடுத்து வைங்க.”

கடை ஷட்டரைப் பாதி தூக்கியபடி நின்றுகொண்டிருந்தேன். ஐஸ் பெட்டி காலி. முந்தின நாள் கழுவிவிட்ட தரையில் பிளீச்சிங் பவுடர் நெடி மட்டும் இருந்தது.

கடலுக்குப் போன என் தம்பி முருகேசன் இன்னும் கரை திரும்பவில்லை என்பது எனக்குத் தெரியும். இறந்துவிட்டான் என்று கண்ணால் பார்த்தவர் யாரும் எனக்குச் சொல்லவில்லை. கூடப்பிறந்த எனக்கே உறுதியாகத் தெரியாதது, முகம்கூட ஞாபகத்துக்கு வராத ஒரு வாடிக்கையாளருக்கு எப்படி உறுதியாகத் தெரிந்தது?

சங்கரா கேட்டவருக்கு, “இன்னைக்கு மீன் இல்லீங்க” என்று பதில் போட்டேன். இரங்கல் சொன்னவருக்கு என்ன போடுவது? “சரிங்க” என்று போட்டேன். ஏன் அப்படிப் போட்டேன் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

சந்துக்குள் ஒரு கடை

மல்லிப்பட்டினத்தில் படகுக்காரர் வீட்டில் பிறந்தவள் நான். பூதலூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டேன். அந்தக் கல்யாணக் கதை பெரிது, இங்கே நீட்டவில்லை.

என் மாமனார் வாய்க்காலில் பிடித்த விராலையும் குரவையையும் தவிர வேறு மீனைத் தொடமாட்டார். நான் முதன்முதலில் கடல் மீன் குழம்பு வைத்த அன்று, அடுப்படி வாசலில் வந்து நின்று, “கடல்ல கிடந்த மீனாச்சே, இதுக்குத் தனியா உப்புப் போடணுமாம்மா?” என்று கேட்டார். கேலி இல்லை, நிஜமாகவே கேட்டார். சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போய்விட்டார். ஆனால் மறுவாரம், “அந்தக் குழம்பு மறுபடி வைக்கலையா?” என்றார்.

என் கணவர் சேகருக்கு நிலத்தில் நாட்டம் இல்லை. லோடு ஆட்டோ வாங்கி ஓட்டினார். தஞ்சாவூருக்குக் குடிவந்த பிறகு, மெடிக்கல் காலேஜ் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில் மீன் கடை போட்டோம். விடியற்காலையில் அவர் மல்லிப்பட்டினம் போய் மீன் ஏற்றி வருவார். அதில் ஒரு பங்கு முருகேசன் பிடித்து வருவது. நான் வெட்டி, சுத்தம் செய்து விற்பேன்.

கடையில் ஒரே ஒரு குறை, அது இருப்பது யார் கண்ணிலும் படாது. முன்னால் இஸ்திரி போடுகிறவரின் வண்டி நிற்கும். அதற்கு முன்னால் மாடுகள் நிற்கும். தேடி வருகிறவர்களும், “நெத்திலி இல்லையா? சரி, அப்புறம் வர்றேன்” என்று போய்விடுவார்கள். அந்த அப்புறம் வரவே வராது. மத்தியானம் ஆனால் மீன் கண் வெளுக்கத் தொடங்கும். விற்காததைக் குழம்பு வைத்து நாங்களே தின்றோம். மீன்காரி வீட்டில் மீன் அலுத்துப்போனது அந்த ஒரு காலத்தில்தான்.

கை தவறி

போனில் ஸ்டேட்டஸ் போட்டு வியாபாரம் செய்யலாம் என்று யோசித்துச் செய்தவள் இல்லை நான். கை தவறி நடந்தது.

பரீதா அக்கா என்று எங்கள் வாடிக்கையாளர் ஒருவர். முத்துப்பேட்டைக்காரர். கணவரின் ஜவுளிக் கடைக்காகத் தஞ்சாவூரில் வந்து தங்கியவர். மீன் விஷயத்தில் அவரை ஏமாற்ற முடியாது. அன்று நல்ல பாறை மீன் ஒன்று வந்திருந்தது. “செவுளைத் தூக்கிப் படம் எடுத்து அனுப்பு கலா, பாத்துட்டுச் சொல்றேன்” என்றார். ஒரு கையில் கத்தி, ஒரு கையில் ஈரம். எதையோ அழுத்தினேன். படம் அவருக்குப் போகவில்லை.

கொஞ்ச நேரத்தில் டீச்சர் ஒருவர் ஸ்கூட்டியில் வந்து நின்றார். “பாறை இருக்காமே, அரை கிலோ போடுங்க.” அவர் போன பின் இன்னொருவர் போன் செய்தார். “அந்தப் பாறையில துண்டு கிடைக்குமா?”

“உங்களுக்கு யாருங்க சொன்னது?” என்றேன்.

“நீங்கதானே போட்டிருக்கீங்க.”

“நான் எங்கே போட்டேன்?”

அவர் விளக்கினார். என் நம்பரை யாரெல்லாம் வைத்திருக்கிறார்களோ, யார் நம்பரையெல்லாம் நான் வைத்திருக்கிறேனோ, அவர்கள் எல்லோருக்கும் அந்தச் செவுள் தெரிந்திருக்கிறது. எனக்கு முதலில் பயம்தான் வந்தது. நடு வீட்டில் தலை சீவிக்கொண்டிருக்கும்போது சுவர் விழுந்த மாதிரி இருந்தது. பரீதா அக்கா கடைசியாக வந்து, “எனக்குக் காட்டச் சொன்னா ஊருக்கே காட்டிட்டியே” என்று சிரித்தார். அவருக்குத் தலை மட்டும்தான் மிச்சம் இருந்தது.

அதற்குப் பிறகு தெரிந்தே போட ஆரம்பித்தேன். என்ன வந்திருக்கிறது, செவுள் சிவப்பு, என்ன விலை, அவ்வளவுதான். சந்துக்குள் இருக்கிற கடை எல்லார் உள்ளங்கைக்கும் போய்விட்டது. வீட்டை விட்டுக் கிளம்பும் முன்பே கேட்டுவிடுவார்கள். எவ்வளவு வேண்டும் என்று முதல் நாளே தெரிந்ததால், சேகரும் அதற்குத் தகுந்தபடி ஏற்றி வந்தார். மீன் வீணாவது குறைந்தது. பலருடைய பெயர் எனக்குத் தெரியாது. ‘நெத்திலி சார்’, ‘தலை வேண்டாம் அக்கா’, ‘மாடி வீட்டு நண்டு’ என்றுதான் போனில் பதிந்து வைத்திருந்தேன்.

ஒருமுறை முருகேசன் கடைக்கு வந்தபோது, அவன் தன் படகருகில் பெரிய வஞ்சரம் ஒன்றைத் தூக்கிப் பிடித்திருந்த படத்தைக் கொடுத்தான். “என்னையும் போடு, ஊர் பாக்கட்டும்” என்றான். போட்டேன். அன்று வஞ்சரம் சீக்கிரம் தீர்ந்தது.

காலி வண்டி

அந்த இரங்கல் வருவதற்கு முந்தின நாள். ஆடி மாதம். ஆற்றில் தண்ணீர் வந்து, குறுவை பச்சைகட்டி நின்ற நேரம். கடல் பக்கம் காற்று மோசம். அதற்கும் முந்தின நாள் மத்தியானம் முருகேசனும் அவன் கூட்டாளி வேலுவும் வலையோடு போயிருந்தார்கள். விடியற்காலையில் வந்திருக்க வேண்டும். சேகர் காலி வண்டியோடு வந்து இறங்கினார்.

“மச்சான் இன்னும் கரைக்கு வரலை,” என்றார். “காத்து அடிச்சிருக்கு. ஊர்ப் படகுங்க தேடப் போயிருக்கு. நீ பயப்படாதே.”

பயப்படாதே என்று அவர் சொன்ன பிறகுதான் பயம் வந்தது. முருகேசன் போன் அணைந்திருந்தது. அவன் மனைவி ராணிக்குப் போட்டேன். “வந்துருவாரு அண்ணி, இதுக்கு முன்னாடியும் இப்படி ஆயிருக்கு” என்றாள். குரல் மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

எனக்குச் செய்யத் தெரிந்த ஒரே வேலையைச் செய்தேன். அந்த வஞ்சரம் பிடித்த படத்தை எடுத்தேன். முகமும் படகும் சேர்ந்து தெரிகிற படம் அது ஒன்றுதான் இருந்தது. ‘இவன் என் தம்பி முருகேசன். கடலுக்குப் போய் இன்னும் வரவில்லை. நீலப் படகு, மஞ்சள் கோடு. பார்த்தவர்கள் சொல்லுங்கள்’ என்று என் நம்பரோடு எழுதி ஸ்டேட்டஸில் போட்டேன்.

முதல் பதில் வந்தது: “இந்த வஞ்சரம் கிலோ என்ன விலை?”

அவர்மேல் தப்பு இல்லை. என் ஸ்டேட்டஸில் மீனைத்தான் பார்த்துப் பழகியிருக்கிறார். எழுத்தைப் படிக்கவில்லை. ஆனால் படித்தவர்கள் படத்தைக் கேட்டு வாங்கினார்கள். யாரோ யாருக்கோ அனுப்பினார்கள். எங்கள் தெரு, டீச்சரின் பள்ளிக்கூடம், சேகரின் லோடு ஆட்டோக்காரர்கள், பரீதா அக்காவின் சொந்தக்காரர்கள் என்று அது கிளைவிட்டுப் போனது. பார்த்தவர்கள் வரிசையை விரலால் தள்ளிக்கொண்டே இருந்தேன். அத்தனை பேருக்கு என்னைத் தெரியும் என்பதே எனக்குப் புதிது.

கிடைத்துவிட்டான், இறந்துவிட்டான்

மத்தியானம் ஒரு செய்தி வந்தது. ‘நாகப்பட்டினத்தில் பத்திரமாகக் கரையேறிவிட்டார்கள்.’ யார் எழுதியது என்று இல்லை. அதை நான் கவனிக்கவில்லை. உடனே ராணியைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டேன். அவள் அழுதாள். பின்னால் அக்கம்பக்கத்துப் பெண்கள் குலவை போடுவதுகூடக் கேட்டது.

சேகர் நாகப்பட்டினத்தில் தெரிந்தவர்களைப் பிடித்து விசாரித்தார். அப்படி யாரும் வரவில்லை. செய்தி அனுப்பியவரைக் கேட்டால், “எனக்கு இன்னொரு குரூப்ல வந்துச்சுங்க” என்றார். அந்த இன்னொரு குரூப்புக்கு இன்னொரு குரூப்பிலிருந்து வந்திருக்கிறது. அந்த நூலைப் பிடித்துக்கொண்டு போனேன். முடிச்சு இருந்ததே தவிர நுனி இல்லை.

மறுபடி ராணிக்குப் போன் செய்து, அது பொய் என்று சொன்னது நான்தான். அவள் போனை வைக்கவில்லை. அப்படியே திறந்து கிடந்தது. அலைச் சத்தமா, காற்றா, எதுவோ கேட்டுக்கொண்டிருந்தது.

பொழுது சாயும்போது ஒரு படம் சுற்ற ஆரம்பித்தது. கரையில் கவிழ்ந்து கிடந்த ஒரு படகு. பக்கத்தில் போர்த்திய இரண்டு உருவங்கள். சேகர்தான் பெரிதாக்கிப் பார்த்தார். “இது சிவப்புப் படகு கலா. நம்ம படகு நீலம்” என்றார். எந்தக் கடலில் எந்தக் காலத்தில் எடுத்ததோ, என் தம்பியின் பெயரை அதன்கீழ் யாரோ ஒட்டிவிட்டிருந்தார்கள். அதைப் பார்த்துத்தான் மறுநாள் காலை இரங்கல் வர ஆரம்பித்திருக்கிறது.

எங்கள் படகு நீலம், இது சிவப்பு என்று என் கண்ணுக்கும் அறிவுக்கும் தெரிந்தது. ஆனாலும் அந்தப் படத்தை ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் சந்தேகம் வந்தது. ஒருவேளை வெயிலில் சிவப்பாகத் தெரிகிறதோ? ஈரத்தில் நிறம் மாறுமோ? பல பேர் சேர்ந்து ஒன்றைச் சொன்னால், நம் வீட்டுப் படகின் நிறம்கூட நமக்கு மறந்துபோகும்போல.

துபாய் சுற்றி வந்த சேதி

இரங்கல் வந்த அந்தக் காலையில் நான் எதற்குக் கடையைத் திறந்தேன்? வீட்டில் இருக்க முடியவில்லை, அவ்வளவுதான். பரீதா அக்கா நடந்தே வந்தார். கவிழ்த்துப் போட்டிருந்த பிளாஸ்டிக் டப்பில் உட்கார்ந்தார்.

“என் தம்பி துபாய்லேருந்து பேசினான்,” என்றார். “உன் தம்பி படத்தை அவன் ரூம்ல இருக்கிறவங்கல்லாம் பாத்தாங்களாம். எங்க ஊர் ஹமீது பாய்க்கு அவன் அனுப்பியிருக்கான். அவர் கடலோர அலையாத்திக் காட்டுக்குள்ள படகு ஓட்டுறவரு.”

“அவன் போனது கடலுக்கு அக்கா. காட்டுக்குள்ள ஏன் வரப் போறான்?”

“எனக்கென்ன தெரியும்? தெக்குக் காத்து அடிச்சா பொருளெல்லாம் அங்கதான் வந்து ஒதுங்கும்னு அந்த பாய் சொல்றாராம். விடியறதுக்கே போயிட்டாராம்.”

ஊர்ப் படகுகள் எல்லாம் கிழக்கே நடுக்கடலைப் பார்த்துத் தேடிக்கொண்டிருந்தன. நான் சேகரைப் பார்த்தேன். நம்புவதா வேண்டாமா என்று எங்கள் இருவருக்குமே தெரியவில்லை.

வெயில் சந்துக்குள் இறங்கும் நேரத்தில் பரீதா அக்காவின் போனில் ஒரு படம் வந்தது. சேற்றில் பாதி புதைந்த நீலப் படகு. மஞ்சள் கோடு. அதன் விளிம்பைப் பிடித்தபடி இரண்டு பேர். ஒருவன் வேலு மாதிரி இருந்தான். இன்னொருவன் முகம் கருத்து, உதடு வெடித்து, யாரோபோல இருந்தான்.

பரீதா அக்கா என் கையைப் பிடித்தார். “உடனே ராணிக்குச் சொல்லு கலா.”

“சொல்ல மாட்டேன் அக்கா.”

“ஏம்மா?”

“நேத்து ஒரு தடவை சொல்லிட்டேன். இன்னொரு தடவை பொய்யாப் போனா அவ தாங்கமாட்டா. அவன் குரலைக் கேக்காம சொல்ல மாட்டேன்.”

முத்துப்பேட்டையிலிருந்து தஞ்சாவூர் எவ்வளவு தூரம்? பஸ் ஏறினால் வந்துவிடலாம். அந்தச் சேதியோ கடல் தாண்டித் துபாய் போய், அங்கிருந்து எங்கள் சந்துக்கு வந்திருந்தது. அவன் குரலும் அதே சுற்றில் வரவேண்டியிருந்தது. பரீதா அக்கா துபாய்க்குப் பேச, துபாய்க்காரர் ஹமீது பாயின் நம்பரைக் கொடுக்க, படகுத்துறை வந்து சேர்ந்த பிறகுதான் பேசுகிற அளவுக்கு அந்த பாய்க்கு டவர் கிடைத்தது.

“அக்கா” என்றது ஒரு குரல். தொண்டை கட்டியிருந்தது. என் தம்பிதான்.

“எப்படிடா இருக்கே?”

“இஞ்சின் போச்சுக்கா. போன் நனைஞ்சு போச்சு. காத்து தள்ளிக்கிட்டு வந்து சேத்துல சொருகிருச்சு. இறங்கினா இடுப்பு வரைக்கும் உள்ள இழுக்குது. இப்பதான் தண்ணி குடிச்சேன். ராணிகிட்ட சொல்லிட்டியா?”

“சொல்லலை.”

“ஏன்?”

“உன் குரலைக் கேட்டுட்டுச் சொல்லலாம்னு இருந்தேன்.”

“சரி, கேட்டுட்டல்ல. சொல்லு” என்றான்.

ராணி நம்பவில்லை. “நேத்தும் இப்படித்தான் சொன்னீங்க அண்ணி” என்றாள், கோபமே இல்லாத குரலில். நான் வாதாடவில்லை. ஹமீது பாயின் நம்பரை மட்டும் கொடுத்தேன். அவர்கள் என்ன பேசிக்கொண்டார்கள் என்று நான் கேட்டதில்லை.

வெறுங்கடையில் கூட்டம்

‘தம்பி கிடைத்துவிட்டான்’ என்று ஸ்டேட்டஸ் போட்டேன். மறுநாள் ஆடி வெள்ளி. மீன் வாங்கக் காக்கை குருவி வராத நாள். எங்களிடம் மீனும் இல்லை. ஆனால் சந்து முழுக்க ஆட்கள். நெத்திலி சார் வாழைப்பழச் சீப்பு ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்து, தன் பெயரை மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அவர் பெயர் ராமநாதன் என்று அன்றுதான் தெரிந்தது. முகமறியாத ஒரு பெண், “மீன் வேணாங்க, சும்மா கடையைப் பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்” என்றாள்.

அந்த மாதத்திலிருந்து வியாபாரம் கூடிவிட்டது. உண்மையைச் சொன்னால், அதற்கு முன் அப்படி விற்றதே இல்லை. அதை எப்படி எடுத்துக்கொள்வது என்றுதான் தெரியவில்லை. யாரோ ஒருவர், ‘கடைக்கு ஆள் சேர்க்க நல்ல நாடகம்’ என்று எழுதியிருந்தார். அன்று முழுவதும் மீன் வெட்டும்போது அந்த வரிதான் கண்முன் நின்றது. நாடகம் இல்லை. ஆனால் ஆள் சேர்ந்தது பொய்யா?

“ஸ்டேட்டஸே போடவேணாம், நிறுத்திடு” என்றார் சேகர்.

“நிறுத்தினா நாளைக்கு மீன் வாங்க யாரு வருவா?”

“அதுவும் சரிதான்.”

“என் தம்பியைக் கண்டுபிடிச்சுக் கொடுத்ததும் அதுதானே?”

“அவன் செத்துட்டான்னு சொன்னதும் அதுதான்.”

அந்தப் பேச்சு இன்னும் அப்படியே நிற்கிறது.

நான்தாங்க முருகேசன்

எங்களைப் பொறுத்தவரை அது முடிந்துவிட்டது. சேதி முடியவில்லை. ‘கிடைத்துவிட்டான்’ என்று நான் போட்டது எங்கள் வாடிக்கையாளர்களோடு நின்றுவிட்டது. ‘காணவில்லை’ என்றது மட்டும் ஊர் ஊராகப் போய்க்கொண்டே இருக்கிறது. பொங்கல் கழிந்த பிறகும் எங்கெங்கிருந்தோ போன் வரும். “முருகேசன்னு ஒருத்தரைக் காணோம்னு பாத்தேங்க, கிடைச்சிட்டாரா?”

ஒருநாள் மீன் இறக்க வந்திருந்த முருகேசனே அந்தப் போனை எடுத்தான். “நான்தாங்க முருகேசன். வந்துட்டேங்க” என்றான்.

“விளையாடாதீங்க தம்பி. ஒரு உசுரு விஷயம்” என்று அந்த மனிதர் கண்டித்துவிட்டு வைத்துவிட்டார். என் தம்பி போனை என்னிடம் நீட்டிவிட்டு மீன் பெட்டியைத் தூக்கினான்.

போன வாரமும் ஒரு போன். அதே மாதிரி இருக்கும் என்று நினைத்து, “கிடைச்சிட்டான்மா” என்றேன்.

“தெரியும்மா, விசாரிச்சேன்” என்றது ஒரு பெண் குரல். “நான் புதுக்கோட்டைப் பக்கம். எங்க அப்பாவுக்கு மறதி. திருவாரூர் பஸ் ஸ்டாண்டுல டீ வாங்கப் போனேன், திரும்பிப் பாத்தா ஆளைக் காணோம். உங்க போன்ல அவர் படத்தைப் போடுறீங்களாம்மா?”

“நான் மீன் விக்கிறவம்மா” என்றேன்.

“அதாம்மா கேக்குறேன். மீன்னா தினமும் பாப்பாங்கள்ல?”

படம் அனுப்பினாள். கட்டம் போட்ட சட்டை, நெற்றியில் திருநீறு, எங்கோ பார்க்கிற கண்கள். அப்போதுதான் சேகர் பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தார். இதைப் போட்டால் என்னவெல்லாம் வரும் என்று எனக்குத் தெரியும். ‘கிடைத்துவிட்டார்’ என்று ஒரு பொய் வரும். போர்த்திய உருவம் ஒன்று யார் படத்திலிருந்தாவது வரும். இந்தப் பெண் எந்தச் சேதியை நம்பி அழப்போகிறாள் என்று நினைத்தேன். அவளை மறுபடி கூப்பிட்டு, “யார் என்ன சொன்னாலும் அவர் குரலைக் கேக்காம நம்பாதேம்மா” என்று சொன்னேன். பிறகு போட்டேன்.

இதை எழுதும் வரை அவர் கிடைக்கவில்லை. ஸ்டேட்டஸ் ஒரு நாள்தான் நிற்கும், பிறகு தானாக அழிந்துபோகும். அதனால் தினமும் காலையில் புதிதாகப் போடுகிறேன். முதலில் அந்தப் பெரியவர். பிறகு மீன்.